குடும்பச் சூழ்நிலை காரணமாக

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு லீவு. நேரத்தை இவ்வளவு கச்சிதமாகச் சொல்வதற்குக் கைப்பேசிதான் காரணம். சரியாக அந்த நேரத்தில் என் மகன் படிக்கும் பள்ளியின் செயலியிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘தங்கள் மகன் இரண்டு நாட்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டுள்ளார். காரணம்: வகுப்பறையில் வீடியோ எடுத்தல்.’ கீழே ஒரு பச்சைப் பொத்தான், ‘படித்தேன்’ என்று. வெங்காயச் சாறு பட்ட விரலால் அழுத்தினேன். ஒரு டிக் விழுந்தது. நன்றி என்றது. அத்தோடு முடிந்தது.

மத்தியானம் பையன் வந்தான். பிளஸ் ஒன் படிக்கிறான். பையைக் கழற்றி சோபாவில் எறிந்துவிட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தான்.

“வெங்காய சாம்பாராம்மா?”

“சஸ்பெண்டாமே?”

“ஆமா. வெள்ளிக்கிழம போனாப் போதும்.”

“யாரு சொன்னா உனக்கு?”

“யாரு சொல்லுவா? மூணு தடவ பேரு ஏறிருச்சுன்னா ஆப்பே அனுப்பிரும்மா.”

“நான் வந்து யாரையாச்சும் பாக்க வேணாமா?”

“எதுக்கு? அதான் நீ ஓக்கே குடுத்துட்டயே.”

கொடுத்துத்தான் இருந்தேன். விளாங்குடியில் என் வீட்டு அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, பெற்ற பிள்ளையை இரண்டு நாள் வெளியே நிறுத்துவதற்கு அரை விநாடியில் சம்மதம் கொடுத்துவிட்டு மறுபடியும் வெங்காயம் உரிக்கப் போயிருக்கிறேன். கண் எரிந்தது. அதற்குப் பாதிக் காரணம் வெங்காயம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்த பள்ளியில் ஒரு பெண்ணை வெளியே நிறுத்துவது பெரிய வேலை. மதுரை ஊருக்குள் கன்னியர்கள் நடத்திய பெண்கள் பள்ளி அது. பெயர் வேண்டாம்; பழைய மாணவிகள் சண்டைக்கு வருவார்கள். ஆயிரத்து இருநூறு பெண்கள் படித்தோம். என்னைப் போல அந்தோணியார் படத்துக்குக் கீழே வீட்டுப்பாடம் எழுதும் கிளார்க் வீட்டுப் பிள்ளைகள் பாதி. மீதிப் பாதி பரவை, அதற்கு அப்பால் உள்ள ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் அதற்கு முந்தைய தலைமுறை வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பள்ளிக்கூட வாசலை முதன்முதலாக மிதித்தவர்கள் இந்தப் பெண்கள்தான்.

எங்கள் தலைமை ஆசிரியையைப் பெரிய சிஸ்டர் என்போம். ஆள் என்னவோ குள்ளம். பெரிய சிஸ்டருக்கு சஸ்பெண்ட் என்ற வார்த்தையில் நம்பிக்கை கிடையாது. “ஒருத்திய மூணு நாள் வீட்டுக்கு அனுப்புனா நாலாவது நாள் அவ வரமாட்டா, கல்யாணப் பத்திரிகைதான் வரும்” என்பார். அதனால் எங்கள் பள்ளியில் சஸ்பெண்ட் என்றால் பெஞ்சு. ஆபீஸ் வராந்தாவில் சாய்மானம் இல்லாத நீள பெஞ்சு ஒன்று கிடக்கும். தண்டனை பெற்றவள் யூனிஃபார்மில், இரட்டைச் சடை ரிப்பனோடு, சாப்பாட்டுத் தூக்கோடு சரியான நேரத்துக்கு வந்து அதில் உட்கார வேண்டும். வருகைப் பதிவேட்டில் ‘வந்தாள்’ என்றே போடுவார்கள். பாடம் மட்டும் கிடையாது. போகிற வருகிற எல்லாரும், “என்னடி பண்ணுன?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் முடிவதற்குள் எந்தக் குற்றமும் சொல்பவளுக்கே அலுத்துப்போகும்.

இது சின்னக் குற்றங்களுக்கு. பெரிய குற்றங்களுக்கு டி.சி.

டி.சி. விஷயத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு பழக்கம் இருந்தது. பள்ளி யாரையும் நீக்கியதில்லை. எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் நீக்கப்பட்டாள் என்ற சொல் அகப்படாது. பெற்றோர்தான் வந்து, தாங்களாகவே, தங்கள் விருப்பத்தின் பேரில், மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள். அதாவது அப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கும்படி பள்ளியில் சொல்வார்கள். பிள்ளைக்கும் அது நல்லதாம். வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களாம். கடிதத்தின் வாசகம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன். ஆகவே அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ பெண் பரீட்சையில் காப்பியடித்திருப்பாள். அல்லது ஒரு பையனுக்குக் கடிதம் கொடுத்திருப்பாள். எதுவானாலும் காரணம் குடும்பச் சூழ்நிலைதான். அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு ஊரையே அடைத்துவிடலாம்.

வாசகம் எனக்கு ஏன் மனப்பாடம் என்று கேட்பீர்கள். எழுதத் தெரியாத பெற்றோருக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை.

சிரிக்காதீர்கள். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். எட்டாம் வகுப்பிலேயே ஆபீஸ் கிளார்க் சேவியர் சார் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். சேவியர் சார் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை மேஜையெல்லாம் தேடுகிறவர். ஆபீசிலிருந்து ஆயா வந்து, “கையெழுத்துப் பிள்ளய சார் கூப்டுறாரு” என்பாள். நான் இங்க் பேனாவையும் அடிக்கோலையும் எடுத்துக்கொண்டு, வகுப்பே பார்க்க, எழுந்து போவேன். கணக்கு பீரியடில் கூப்பிட்டால் இரட்டைச் சந்தோஷம். ஆபீசில் பசையும் முத்திரை மையும் பினாயிலும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். அந்த வாசனை எனக்கு உத்தியோகத்தின் வாசனை. பிற்காலத்தில் நான் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததற்குப் பரீட்சை மதிப்பெண்ணைவிட அந்த வாசனைதான் காரணம் என்று நினைக்கிறேன். கோடு போட்ட முழுத்தாளில் இடப்பக்கம் இரண்டு விரல் மார்ஜின் விட்டு, தலைகுனிந்து, மை சிந்தாமல் எழுதி முடிப்பேன். சேவியர் சார் வாங்கிப் பார்த்து, “முத்து முத்தா இருக்கு” என்பார். எதிரில் நிற்பவர் கையெழுத்துப் போடுவார், இல்லை கைநாட்டு வைப்பார். அது யார் என்று நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. மார்ஜின் நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

இதே கெட்டிக்காரத்தனத்தால் பத்தாம் வகுப்பில் லீடர் வேலையும் என் தலையில் விழுந்தது. லீடருக்கு ஒரு நோட்டு உண்டு. ஆசிரியர் இல்லாதபோது பேசியவர்கள் பெயரை அதில் எழுத வேண்டும். மற்ற வகுப்பு லீடர்கள் ‘பேசியவர்கள் 5 பேர்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ வரைந்து வைப்பார்கள். நான் நான்கு கட்டம் போட்டேன். பெயர், வெளியே போன நேரம், திரும்பிய நேரம், காரணம். கையில் கடிகாரம் வேறு இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கியதற்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. அந்த வகுப்பில் ஒருத்தி தும்மினாலும் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எனக்கு லீடரம்மா என்று பெயர் வைத்தவள் செல்வி. பரவையிலிருந்து வருவாள். அவள் அம்மா பரவை மார்க்கெட்டில் வெங்காயம் ஆய்கிற வேலை பார்த்தார். மூட்டை பிரித்துக் கொட்டிய வெங்காயத்தில் அழுகலையும் சருகையும் நீக்கித் தரம் பிரிப்பது. செல்வி பள்ளிக்கு வருவதற்கு முன் ஒரு மணி நேரம் அம்மாவுடன் உட்கார்ந்து ஆய்ந்துவிட்டு வருவாள். அவள் நோட்டைத் திறந்தால் வெங்காயச் சருகு பறக்கும். என் பக்கத்து இடம் அவளுடையது. பத்தாம் வகுப்பு முழுக்க நான் வரலாறு படித்ததே வெங்காய வாசனையில்தான். பானிபட் யுத்தம் என்றால் எனக்கு இன்றும் மூக்கு அரிக்கும்.

“லீடரம்மா, நான் கொட்டாவி விடப் போறேன். எழுதிக்கிர்றீகளா?”

“பேசாம படிடி.”

“அதையும் எழுதிக்கங்க. ரெண்டு நிமிஷம் பேசுனா, அதுல ஒன்னரை நிமிஷம் லீடரம்மாவே பேசுனாகன்னு.”

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் சும்மா படிக்கிற பீரியட். செல்வி தண்ணீர் குடிக்கப் போனாள். எழுதிக்கொண்டேன்: 2.46. எங்கள் பள்ளி மணி, வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்ட இரும்புத் துண்டு. அடிக்கும் கம்பியை ஆயா எப்போதும் தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்திருப்பாள். பீரியட் முடிந்தால் இரண்டு தட்டு. வீட்டுக்கு விடுகிற மணி என்றால் கை ஓயும்வரை விடாமல் அடிப்பது. அன்று 2.51க்கு மணி விடாமல் அடித்தது.

பிறகு நடந்ததை விவரிக்க எனக்குத் திறமை போதாது. ஆயிரத்து இருநூறு பெண்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி படியில் இறங்கின. டீச்சர்கள் சிலரும் கைப்பையை எடுத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். நான் வகுப்பு வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, “மணி இன்னும் ஆகல! எழுபத்தொம்பது நிமிஷம் இருக்கு! எழுபத்தொம்பது!” என்று கத்தினேன். என் கைக்கு அடியில் குனிந்து எல்லாரும் போனார்கள். பி.டி. டீச்சர் விசில் ஊதிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். விசில் சத்தம் கேட்டதும் மீதிப் பேரும் வேகமாக ஓடினார்கள். வாசலில் மாங்காய்க் கீற்று விற்பவர் பத்து நிமிடத்தில் கூடையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பள்ளியில் மிஞ்சியது நான், பெரிய சிஸ்டர், ஆயா, வேப்பமரம்.

செல்வி 2.54க்கு வகுப்புக்குத் திரும்பி வந்தாள். பையை எடுக்கத்தான். அதையும் எழுதினேன். நடுவில், ஒரு தனி வரியில், ‘2.51 – மணி தவறாக அடித்தது’ என்றும் எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்தப் பக்கத்தைப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் காலை எல்லா வகுப்பு லீடர் நோட்டும் ஆபீசுக்குப் போயின. முப்பது நோட்டில் இருபத்தொன்பதில் ரோஜாப்பூ. ஒன்றில் முழு வழக்கும் சாட்சியோடு இருந்தது. கொடுக்கும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. நேர்த்தியான நோட்டைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று பெருமையாகக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் செல்வியைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் 2.46க்கும் 2.54க்கும் நடுவில் நான் அடிக்கோடு போட்ட 2.51 நினைவுக்கு வந்தது.

இடைவேளையில் குழாயடியில் பிடித்தேன். முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி அடிச்ச?”

“கம்பி அங்கன சும்மா கெடந்துச்சு லீடரம்மா. ஒரு தட்டு தட்டிப் பாப்போம்னு தட்டுனேன். நல்லாருந்துச்சு. அப்பிடியே கை நிக்கல.”

“சிஸ்டர் என்ன சொன்னாங்க?”

“அம்மாவக் கூட்டியாரச் சொல்லிருக்காக. சாயந்தரம். கடுதாசி குடுக்கணுமாம்.”

கடுதாசி என்றால் என்ன என்று பள்ளியில் எல்லாருக்கும் தெரியும்.

“வேற ஸ்கூல்ல சேத்துக்குவாங்கடி.”

“பத்தாவதுல, அரப்பரீச்சை நேரத்துலயா? எவ சேப்பா?” முகத்தைப் பாவாடையில் துடைத்தாள். “எங்கக்காவும் இங்கனதான படிச்சா. இப்பிடித்தான் கடுதாசி குடுத்து அனுப்புனாக. மார்க்கெட்டுல இருந்து வர லேட்டாயிருது, அதுக்குத்தான். இப்பக் கப்பலூர்ல அட்டப்பொட்டி ஒட்டுறா. கம்பெனி வேன் எங்க தெருவுக்கே வருது. நானும் ஏறிக்க வேண்டியதுதான்.” பிறகு அவளுக்கே உரிய மாதிரி சேர்த்தாள்: “வேனுக்கு லேட்டாப் போனா அங்க யாரும் நோட்டுல எழுத மாட்டாக, விட்டுட்டுப் போயிருவாக.”

அவள் என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவளுக்கு என் நோட்டைப் பற்றித் தெரியவே தெரியாது என்று பிறகு அறிந்தேன். ஆயாதான் பார்த்துச் சொல்லிவிட்டாள் என்று நினைத்திருக்கிறாள்.

சாயந்திரம் மூன்றரைக்கு ஆயா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். “கையெழுத்துப் பிள்ளய சார் கூப்டுறாரு.” இந்த முறை பேனா, அடிக்கோல் இரண்டையும் எடுக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

ஆபீசில் செல்வியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார். முந்தானையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. அந்த வாசனை பசை வாசனையையும் பினாயில் வாசனையையும் ஒதுக்கிவிட்டு அறை முழுக்க நின்றது. நிமிர்ந்து பார்க்கக்கூடாதென்று நினைத்தும் பார்த்துவிட்டேன். செல்வியின் அதே மூக்கு.

சேவியர் சார் தாளை நீட்டினார். “பேரு, ஊரு எல்லாம் கேட்டு எழுதும்மா. வழக்கமானதுதான்.”

வராந்தா மேஜையில் உட்கார்ந்தேன். ‘அனுப்புநர்’ எழுதினேன். ‘பெறுநர்’ எழுதினேன். ‘குடும்பச்’ என்று எழுதும்போது பேனா மை கக்கியது. சத்தியமாக நான் எதுவும் செய்யவில்லை. இரண்டாவது தாள் வாங்கினேன். அதில் தேதியைத் தப்பாக எழுதினேன். அது மட்டும் வேண்டுமென்று. மூன்றாவதில் மார்ஜின் கோணல்.

“என்னம்மா இன்னைக்கு, நாலு வரிக்கு நாப்பது நிமிஷமா?” என்றார் சேவியர் சார்.

“பாப்பா, கை வலிக்குதா?” என்றார் செல்வியின் அம்மா. “மெதுவா எழுது. எனக்கு அஞ்சே காலுக்குத்தான் பஸ்.”

நான்காவது தாளில் நான் நிறுத்தாமல் எழுதினேன். என்ன எழுதினேன் என்று சொல்கிறேன். என் மகள் மணியடித்தது தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மா எழுதுவது போலவே எழுதினேன். மூத்த மகள் பாதியில் நின்றுவிட்டாள், இவளாவது பத்தாவது முடிக்க வேண்டும் என்று எழுதினேன். பெஞ்சில் எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார வையுங்கள், காலையில் முதல் பஸ்ஸிலேயே அனுப்புகிறேன், மணிக்கம்பியை ஆயா எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், என் மகள் தொடமாட்டாள், அவளை அனுப்பிவிடாதீர்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொண்டேன். தாளின் முன்பக்கம் நிறைந்து பின்பக்கம் போயிற்று. மார்ஜின் விட்டேனா என்று நினைவில்லை. சேவியர் சார் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் செல்வியின் அம்மா முன்னால் தாளை வைத்தேன். அவர் தாளைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெருவிரலை முத்திரை மையில் அழுத்தி, அடியில் வைத்தார்.

நானே பெரிய சிஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்தார். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மீதியைப் படித்தார். பின்பக்கத்தையும் படித்தார். எனக்கு அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

“ஏம்மா, இதுல எழுதியிருக்கறதுதான் உங்க விருப்பமா?” என்று செல்வியின் அம்மாவைக் கேட்டார்.

“ஆமாங்க சிஸ்டர்.”

“படிச்சுக் காட்டட்டுமா?”

“வேணாங்க. அதான் கைநாட்டு வச்சுட்டேன்ல. பாப்பா என்ன எழுதிருக்கோ அதேன் என் விருப்பம்.”

பெரிய சிஸ்டர் பச்சை மைப் பேனாவை எடுத்தார். கடிதத்தின் மூலையில், ‘அனுமதிக்கப்பட்டது. ஐந்து நாள் பெஞ்சு’ என்று எழுதினார். மூடியைத் திருகிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“உனக்கும் அஞ்சு நாள்.”

“சிஸ்டர், எனக்கு எதுக்கு?”

“எழுத்துப் பிழைக்கு. இனிமே இந்தப் பக்கம் கடிதம் எழுத வராத.”

வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தை மனதில் வரிவரியாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிழை கூட இல்லை. இதை இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

ஐந்து நாள் நானும் செல்வியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ‘என்னடி பண்ணுன?’ என்று கேட்டவர்களுக்கு, “நான் மணியடிச்சேன். இவ மணி பாத்தா” என்று எனக்கும் சேர்த்து அவளே பதில் சொன்னாள். இரண்டாம் நாள் நான் என் லீடர் நோட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். சடை ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். பிறகு, “எம்புட்டு நேரம் அடிச்சேன்னும் எழுதிருந்தீகளா?” என்றாள். இல்லை என்றேன். “அப்புறம் என்னத்த லீடரு” என்றுவிட்டு தூக்கைத் திறந்து பாதி இட்லியை என் பக்கம் தள்ளினாள். செல்வி பத்தாவது முடித்தாள், பிளஸ் டூ முடித்தாள், நர்சிங் படித்தாள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். எனக்குக் குரல் செய்திதான் அனுப்புவாள். எழுத்தில் அனுப்பினால் நான் பிழை பார்ப்பேனாம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு நாள் பரவை மார்க்கெட்டுக்குப் போனேன். வெங்காயக் குவியலுக்கு நடுவே சாக்கு விரித்து செல்வியின் அம்மா உட்கார்ந்திருந்தார். கிட்டப் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“அட, மணிப் பாப்பா!”

“மணியடிச்சது உங்க மகம்மா. நானில்ல.”

“ரெண்டும் ஒன்னுதேன். உக்காரு.”

சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கை சும்மா இருக்காமல் நானும் நாலு வெங்காயம் ஆய்ந்தேன். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று, அன்றைக்கு அவர் கைநாட்டு வைத்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

“தெரியுமே.”

“எப்பிடிம்மா? உங்களுக்குத்தான் படிக்க…”

“எழுத்துத் தெரியாது. வரி தெரியாதா? மூத்தவளுக்குக் கைநாட்டு வச்சப்ப அந்தத் தாள்ல நாலே வரி. நீ குடுத்த தாள்ல முன்னாடியும் பின்னாடியும் அம்புட்டு இருந்துச்சு. போயிருன்னு சொல்ல நாலு வரி போதும் பாப்பா. இருக்க விடுங்கன்னு கெஞ்சுறதுக்குத்தேன் அம்புட்டு வேணும்.”

எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கண்ணிலும் நீர் வந்தது. அந்த இடத்தில் வெங்காயத்தின் மேல் பழியைப் போட வசதி இருந்தது. அதே வேகத்தில் கேட்டுவிட்டேன், “மூத்தவுங்களுக்கு அந்த நாலு வரிய எழுதுனது யாரும்மா?”

“யாரோ ஒரு பாப்பா. எல்லாம் ஒரே பாவாட சட்ட, ரெட்டச் சட, யாருன்னு கண்டேன்? குனிஞ்ச தல நிமிரல அந்தப் புள்ள. ஆபீசு சாருதேன் எழுத்து முத்து முத்தா இருக்குன்னாரு.”

இரண்டு கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செல்வியின் அம்மா இப்போது இல்லை. அந்த ஆபீஸ் வராந்தாவைக் கண்ணாடி வைத்து மறைத்து ஏ.சி. போட்டிருக்கிறார்கள். கடிதக் கட்டுகளைப் பற்றிப் போன வாரம் போன் செய்து கேட்டேன். ஒரு சின்னப் பெண் எடுத்தாள். “பழைய லெட்டரா மேடம்? எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதே எடைக்குப் போட்டாச்சே” என்றாள். பெரிய சிஸ்டர் பச்சை மையில் எழுதிய மூலையும், அந்தப் பெருவிரல் ரேகையும் அப்படியே போய்விட்டன.

ஆனால் என் டைரிகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு வருடம் விடாமல், முதுகில் வருடம் எழுதி, வரிசையாக. செவ்வாய்க்கிழமை சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்பு டைரியையும் ஒன்பதாம் வகுப்பு டைரியையும் இறக்கித் தேடினேன். மூன்று இடத்தில் அகப்பட்டது. முதலாவதில்: ‘இன்று மூன்றாம் பீரியடில் ஆபீசுக்கு அழைத்தார்கள். கடிதம் எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்தது.’ அடுத்ததில்: ‘காலை 11.10. ஆபீஸ் கடிதம். மை கசியவில்லை. சேவியர் சார் பாராட்டினார்.’ மூன்றாவதில்: ‘கணக்கு பீரியட் தப்பியது. எட்டு நிமிடத்தில் கடிதத்தை முடித்துவிட்டேன்.’

செல்வியிடம் அவள் அக்கா எந்த மாதம் நின்றாள் என்று கேட்டால் ஒத்துப் பார்த்துவிடலாம். இன்னும் கேட்கவில்லை. ஒருத்தி அவள் அக்காவாகவே இருந்தாலும் மற்ற இரண்டு பேர் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கிழமை எழுதியிருக்கிறேன், நேரம் எழுதியிருக்கிறேன், அன்று மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்பது உட்பட எழுதியிருக்கிறேன். மூன்று பக்கத்திலும் அந்தப் பெண்களின் பெயரை மட்டும் எழுதவில்லை.